தூண்டில்காரனுக்கு மிதப்பில் கண்!

கோடம்பாக்கத்துக் காலா வேறு, காரைக்கால் காலா வேறு. முன்னவர் 2018-ல் ரஜினி உருவத்தில் தியேட்டருக்கு வந்து விசில் வாங்கினார். பின்னவர் ஒரு மீன். வெள்ளி உடம்பு, வாயை முந்திக்கொண்டு நீட்டியிருக்கும் மூக்கு, கழுத்துக்குக் கீழே தாடி மாதிரி சில இழைகள். நட்சத்திர ஓட்டல் மெனு கார்டில் 'இண்டியன் சால்மன்' என்று கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் சாட்சாத் இவரேதான். மும்பைக்குப் போனால் ராவஸ். வங்காளத்தில் குர்ஜாலி. நம்ம ஊர்க் கூடையில் வெறும் காலா!

இந்தக் காலாவையும், கூடவே நண்டையும் தேடிக்கொண்டு ஒரு புதுக் கூட்டம் கடற்கரைப் பக்கம் தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறது. வாரம் அஞ்சு நாள் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிற இளைஞர்கள். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தொப்பி, கூலிங் கிளாஸ், மடக்கு ராடு, பளபளக்கும் ரீல் சகிதம் மணலில் நிற்கிறார்கள். அந்த ராடு விலைக்கு ஒரு வருஷம் மீன் வாங்கிச் சாப்பிடலாமே என்று மீன்கார அம்மா மனசுக்குள் கணக்குப் போடலாம். போடட்டும். கிரிக்கெட் பேட் விலைக்கு எத்தனை ரன் கிடைக்கும் என்று யாராவது கேட்கிறார்களா?

நடுவில் ஒரு ஊர்

இந்தப் பொழுதுபோக்குக்கு லட்சணமான இடம் மண்டபத்தூர். காரைக்கால் மாவட்டத்தின் வட ஓரத்து மீனவ கிராமம். மேலே, டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. கீழே, 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆரம்பம். ஆற்றின் பெயரிலேயே நண்டு ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். (இது நம்ம சொந்த ஆராய்ச்சி. தமிழ்ப் பண்டிதர்கள் அடிக்க வரவேண்டாம்!)

காவிரி இந்தப் பக்கம் வரும்போது ஒரே ஆறாக வருவதில்லை. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று பங்கு பிரித்துக்கொண்டு கடலுக்கு வருகிறது. ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில் இறால் குஞ்சும் பொடி மீனும் ஏராளம். அவற்றைத் தின்ன காலா வரும். சேற்றில் நண்டு வளை தோண்டும். ரெண்டையும் பிடிக்க நாம் வருகிறோம்.

சால்மன் இல்லை, சார்!

வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது ஊர் ஞாபகத்தில் பார்க்கிற மீனுக்கெல்லாம் ஊர்ப் பேரை வைத்தார்கள். அப்படித்தான் காலா 'சால்மன்' ஆனது. நிஜ சால்மனுக்கும் இதற்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா உறவுகூடக் கிடையாது. நிஜ சால்மன் குளிர்நாட்டு ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிடுகிறது. பசிபிக் சால்மன் வகைகள் பெரும்பாலும் அதோடு செத்தே போகும். நம்ம காலாவுக்கு அத்தனை சோகம் இல்லை.

1803-ல் பாட்ரிக் ரஸ்ஸல் என்பவர் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூற்றைப் படம் போட்டுப் புத்தகமாக்கினார். கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷில் ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்று பெயர் வந்ததே, அதே ரஸ்ஸல்தான். அதில் இருந்த நம்ம ஆளுக்கு அடுத்த வருஷமே விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. 'நாலு விரல்' என்று அர்த்தம் வருகிற பெயர். மார்புத் துடுப்புக்குக் கீழே தனித்தனியாகத் தொங்குகிற நாலு இழைகள்தான் அந்த விரல். கலங்கிய தண்ணீரில் கண் தெரியாதபோது இந்த விரல்களால் தரையைத் தடவித்தான் இறாலைக் கண்டுபிடிக்கிறது. இருட்டில் தலையணைக்கடியில் செல்போனைத் தேடுகிறோமே, அப்படி!

ஆகவே காலாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் கண்ணாடித் தண்ணீரைத் தேட வேண்டாம். லேசாகக் கலங்கிய முகத்துவாரமே உசத்தி. தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, முள்ளில் உயிருள்ள இறால் அல்லது சின்ன மடவை. காலையிலும் சாயங்காலமும், தண்ணீர் ஏத்தம் கொடுக்கிற நேரமாகப் பார்த்துப் போடலாம். பிறகு காத்திருக்கணும். மானேஜர் கூப்பிடுகிறாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்து பழகினவர்களுக்கு இது சிரமமே இல்லை. தூண்டில்காரனுக்கு மிதப்பில் கண் என்று பழமொழியே இருக்கிறது.

ப்ரமோஷன் வந்தால் பெண்!

காலாவிடம் ஒரு ரகசியம் உண்டு. அது ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வருகிறது. ரெண்டு வயசு வாக்கில், உடம்பு பெருத்ததும் பெண்ணாக மாறிவிடுகிறது. அதாவது சின்னது எல்லாம் மாப்பிள்ளை. பெரிசு எல்லாம் மாமியார்!

சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள். தூண்டில்காரர்களின் ஆசை என்ன? பெரிய மீன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற மாதிரி மீன். அந்தப் பெரிய மீன் அத்தனையும் முட்டையிடுகிற தாய். பெரிசாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் ஆற்றில் ஆண்கள் சங்கம் மட்டுமே மிஞ்சும். சரி, சின்னதைப் பிடிக்கலாமா என்றால், அது இன்னும் பெண்ணாகவே ஆகவில்லை. அப்படியானால் என்னதான் செய்வது? அளவைவிட எண்ணிக்கையில் கை வைப்பதுதான் வழி. குழம்புக்கு ஒன்று, வறுவலுக்கு ஒன்று. அதோடு ராடை மடக்கு!

கொழுத்த நண்டு எங்கே போகும்?

நண்டு பிடித்து விளையாடுவது நேற்று வந்த ஃபேஷன் இல்லை. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் கடற்கரையில் நண்டைத் துரத்தித் துரத்தி விளையாடுவார்கள். 'அலவன் ஆட்டல்' என்று அதற்குப் பெயர். அலவன் என்றால் நண்டு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நமக்கு வீக் எண்ட் இருந்திருக்கிறது!

இன்றைய ஆட்டம் சுலபம். இரும்பு வளையத்தில் வலையைக் கட்டி, நடுவில் மீன் தலையைக் கட்டிக் கயிற்றில் இறக்கணும். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டென்று தூக்கணும். கடலோரம் என்றால் நீலக்கால் நண்டு, முதுகில் மூணு பொட்டு வைத்த நண்டு. ஆற்றுக்குள் என்றால் சேற்று நண்டு. இது ராட்சசன். ரெண்டு கிலோவைத் தொடுகிற ஆளும் உண்டு. விரல் கொடுக்கில் மாட்டினால் எலும்பு சொல்லும் அதன் பலத்தை. பின்பக்கமாகப் பிடிக்கத் தெரியாதவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மறுநாள் டைப் அடிக்க விரல் வேண்டாமா?

பிடித்ததைக் கவிழ்த்துப் பாருங்கள். வயிற்றில் ஒரு மடிப்பு இருக்கும். குறுகலாக இருந்தால் ஆண். அரைவட்டமாக அகன்றிருந்தால் வளர்ந்த பெண். அந்த மடிப்புக்குள்ளிருந்து மஞ்சளாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தால் அது சினை. நீலக்கால் நண்டு ஒன்றிடமே லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். பெரிய சேற்று நண்டுக்குப் பத்து லட்சத்தையும் தாண்டும். பொரிந்ததும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகக் கடலில் மிதந்து, பலமுறை சட்டை உரித்து, வருகிறவர் போகிறவர் வாய்க்கெல்லாம் தப்பி, நண்டு என்று சொல்கிற உருவத்துக்கு வந்து சேர்வது சொற்பம்.

'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்று திமிர் பிடித்தவர்களைத் திட்டுகிறோம். நண்டைப் பொறுத்தவரை அது திட்டே இல்லை. சேற்று நண்டில் சினைப்பட்ட பெண், வளையை விட்டு, ஆற்றை விட்டுக் கடலுக்குக் கிளம்புகிறது. குஞ்சுகளுக்குக் கடலின் உப்பு வேண்டும். அவள் போகிற வழியில்தான் நம்ம முகத்துவாரம் இருக்கிறது. நம்ம வளையமும் இருக்கிறது. பிரசவத்துக்குப் போகிறவளை வாசலில் மடக்குகிற வேலை அது.

சேற்று நண்டுக்கு இருக்கிற கிராக்கி கொஞ்சநஞ்சமில்லை. உயிரோடு கட்டிப் பெட்டியில் போட்டு விமானம் ஏற்றுகிறார்கள். 2011-ல் கொழும்பில் ஆரம்பித்த 'மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்' ஓட்டலுக்கு கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காராவும் ஜெயவர்தனாவும் பங்குதாரர்கள். அங்கே நண்டின் மெனு அரை கிலோவிலிருந்துதான் தொடக்கம். குட்டி நண்டுக்கு அனுமதி இல்லை! நம்ம சீர்காழிப் பக்கம் தொடுவாயில், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சு பொரிக்க ஒரு பொரிப்பகமே வைத்திருக்கிறது. விஞ்ஞானிகள் தொட்டியில் படாதபாடு பட்டுச் செய்கிற காரியத்தை ஆறு சும்மா செய்துகொண்டிருக்கிறது, நாம் விட்டால்.

சியாட்டில் கணக்கு

நம்ம பையன்கள் கூட்டமாகக் குடியேறியிருக்கிற அமெரிக்க ஊர்களில் சியாட்டில் ஒன்று. ஊரை ஒட்டியே கடல் உள்ளே புகுந்திருக்கிறது. வார விடுமுறையில் நிஜ சால்மனும் டஞ்சனெஸ் என்கிற நண்டும் பிடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. ஆனால் சட்டம் கறார்.

லைசென்ஸ் வாங்கணும். நண்டு சீசனில் ஒரு நாளைக்கு ஐந்துதான். அதுவும் ஆண் மட்டும், ஓடு கெட்டியாக இருக்கணும், அகலம் ஆறேகால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பெண் வந்தால் தண்ணீருக்குள்ளேயே திரும்ப விடணும். பிடித்ததை அட்டையில் உடனுக்குடன் எழுதணும். நண்டுக்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்! சால்மன் முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது, திரும்ப விடுகிற மீனுக்கு வாய் கிழியாமல் இருக்க. நண்டுக் கூண்டில் ஒரு மூலையைப் பருத்தி நூலால்தான் கட்டணும். கூண்டு தொலைந்துபோனால் நூல் இற்று வழி திறக்கும். உள்ளே மாட்டின நண்டு வீணாகச் சாகாது.

இங்கே அப்படி ஒரு ஆபீசர் ஸ்கேலை வைத்துக்கொண்டு மணலில் நிற்கப்போவதில்லை. ஸ்கேல் நம்ம மனசில்தான் இருக்கணும்.

விருந்தாளிக்கு அழகு

மண்டபத்தூர் மணல் பிக்னிக் மைதானம் இல்லை. அது ஒரு ஊரின் ஆபீஸ். ஃபைபர் படகு இழுத்து நிறுத்துவதும், வலை உலர்த்துவதும், மீன் ஏலம் போவதும் கடற்கரையில்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்டு எழுந்த கரை இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு வைக்கிறார்கள். ஒரு தொழிலே ரெண்டு மாசம் காத்திருக்கும்போது, பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள் சினை நண்டைக் கூடையில் போட்டுக்கொண்டு வரலாமா?

ஆகவே ஒரு சின்னப் பட்டியல்:

• முதலில், "அண்ணே, இங்கே தூண்டில் போடலாமா?" என்று ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை. எங்கே மணல் சரியும், எங்கே இழுப்பு என்று அவருக்குத்தான் தெரியும்.

• வலை போட்ட இடத்தில் தூண்டில் வீசாதீர்கள். சிக்கினால் அறுபடுவது அவருடைய சாப்பாடு.

• அறுந்த தங்கூசியை மணலில் விடாதீர்கள். தை, மாசி வாக்கில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற கரை இது. அதன் கழுத்துக்கு அந்த நரம்பு சுருக்கு.

• காரைக்கால் என்றதும் சிலருக்கு வேறு தண்ணீர் ஞாபகம் வரும். அதையும் ஆற்று முகத்தையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆள் ஆழமாகிவிடும்.

• ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் போகவே வேண்டாம். வானம் வெளுத்திருக்கும்போதே திடீரென்று பொங்குகிற 'கள்ளக்கடல்' வேறு உண்டு. ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் எச்சரிக்கை விட்டால் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

• செத்த நண்டைச் சமைக்காதீர்கள். சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு அது.

இத்தனையும் கடைப்பிடித்தால் சில ஞாயிற்றுக்கிழமை கூடை காலியாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேள்வி தயாராக இருக்கும்.

"என்னங்க, வெறுங்கையோட வந்திருக்கீங்க?"

நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். "யார் சொன்னா? ஆத்து மொகத்துல சில லட்சம் டெபாசிட் பண்ணிட்டு வந்திருக்கேன்!"