ஒரு நோயாளி, இரண்டு கஜானா

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் போக முடியவில்லை. குளியலறையில் கைப்பிடி பொருத்த வேண்டும். காலையும் மாலையும் உடை மாற்றிவிட ஆள் வர வேண்டும். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிச் செலவு அரசின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். கணக்கில் சேரும், வீட்டுக்கு ஆள் அனுப்புவது உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. சிகிச்சை இலவசம். பராமரிப்புக்கோ, சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் சொந்தக் காசுதான். கோப்பு அங்குமிங்கும் அலைய, படுக்கை காலியாகாது. அவசரப் பிரிவுக்கு வந்தவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார்.

இந்தப் பிளவை ஒட்டவைக்கத் துணிந்தது மான்செஸ்டர் வட்டாரம். 1948 ஜூலை 5 அன்று அன்றைய சுகாதார அமைச்சர் அனயூரின் பெவன் என்.எச்.எஸ்.ஸைத் தொடங்கிவைத்த மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் 10 கவுன்சில்களும் மருத்துவ அமைப்புகளும் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னுடன் ஒப்பந்தம் போட்டன. சுமார் 28 லட்சம் பேருக்கான 600 கோடி பவுண்டை எப்படிச் செலவிடுவது என்று, 2016 ஏப்ரலிலிருந்து அவர்களே கூடிப் பேசலானார்கள். ‘டெவல்யூஷன்’ (அதிகாரப் பகிர்வு) என்பதையும் மான்செஸ்டரையும் சேர்த்து இதற்கு ‘டெவோ மேன்க்’ என்று பத்திரிகைகள் செல்லப்பெயர் வைத்தன. பெயரில் இருந்த கம்பீரம் அதிகாரத்தில் இல்லை: ஊழியர் சம்பளமும் காத்திருப்பு நேர இலக்குகளும் லண்டன் வசமே இருந்தன.

ஆனாலும் பலன் தெரிந்தது. இந்த மாற்றம் வராதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட அங்கே சராசரி ஆயுள் சுமார் 0.2 ஆண்டு கூடியதாக 2022இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். அதிலும் ஏழ்மையான பகுதிகளுக்கே ஆதாயம் கூடுதல். எந்தத் திட்டத்தால் கூடியது என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

அதே 2022 ஜூலையில் இங்கிலாந்து முழுக்க 42 வட்டாரங்களில் இதுபோன்ற ஏற்பாடு சட்டபூர்வமானது. இங்கேதான் எனக்கு நெருடுகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் என்.எச்.எஸ். பணம் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்திடம். கவுன்சில்களும் உட்கார்ந்து வட்டாரத்துக்கான உத்தியை வகுப்பது வேறொரு குழுவில். திட்டம் எழுதுகிறவர்கள் கையில் பணப்பெட்டி இல்லை.

2025 மார்ச்சில் வாரியங்களின் நிர்வாகச் செலவைப் பாதியாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதே மாதம், அவற்றுக்கு மேலே இருக்கும் ‘என்.எச்.எஸ். இங்கிலாந்து’ அமைப்பையே கலைக்கப்போவதாகப் பிரதமர் கீர் ஸ்டார்மர் அறிவித்தார். ஆட்களைக் குறைக்க வழி தேடி, பக்கத்து வட்டாரங்களோடு கூட்டுச் சேரத் தொடங்கிவிட்டன வாரியங்கள். வட்டாரம் பெரிதாகப் பெரிதாக, உள்ளூர் கவுன்சிலின் குரல் இன்னும் சன்னமாகும்.