கைப்பணமும் கம்பெனிச் செலவும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெங்களூருக்கு வந்தவர் நாம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோர்க்கு மாதந்தோறும் அனுப்பும் தொகை ஆகிய மூன்றும் போக நம் கையில் எஞ்சுவது சிறிதே. அச்சிறிதையும் முதலாளிக்குக் கடனாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போர் நம்முள் எத்தனை பேர் என்று அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? “தொழிலாளி முதலாளிக்குக் கடன் கொடுப்பதாவது!” என்று சிலர் நகைக்கலாம். வேலையின் பொருட்டுத் தம் கைப்பணத்தைச் செலவிட்டு, பில் எழுதிக் கொடுத்து, அது திரும்பி வரும் நாளை எதிர்நோக்கி இருப்பவர் எவராயினும் அவர் கடன் கொடுத்தவரே. அக்கடனுக்கு வட்டி இல்லை, தவணை இல்லை, பத்திரமும் இல்லை.

தொம்மலூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் நம்மவர் பார்க்கும் வேலைகளையே எடுத்துக் கொள்வோம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தம் மோட்டார் சைக்கிளுக்குத் தாமே பெட்ரோல் போட்டுக் கொண்டு டாக்டர்களைக் காணச் செல்கிறார். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக், வேலை நின்றுவிடக் கூடாதே என்று உதிரிப் பாகத்தைத் தம் பணத்தில் வாங்குகிறார். கம்பெனி வண்டியின் ஓட்டுநர் வண்டி நிறுத்துமிடக் கட்டணத்தைத் தம் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறார். வெளியூர் அனுப்பப்படும் இளைஞர் விடுதி அறைக்குத் தம் கிரெடிட் கார்டை நீட்டுகிறார். கம்பெனிப் பணம் வருமுன் கார்டின் கெடு வந்துவிட்டால் வட்டியும் அவர் தலையில் விழுகிறது.

இதன் சுமையைக் கணக்கிட்டுக் காட்டுவோம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவர் நாளொன்றுக்கு 200 ரூபாய் கைப்பணம் போடுகிறார் என்க. 25 வேலை நாட்களுக்கு 5,000 ரூபாய் ஆயிற்று. மாத முடிவில் பில் கொடுக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பணம் வருகிறது. அதற்குள் அடுத்த இரு மாதங்களின் செலவும் சேர்ந்துவிடுமாதலால், முதல் 5,000 கைக்கு வரும் நாளில் 15,000 ரூபாய் வெளியே நிற்கும். அதாவது, ஒரு மாதச் சம்பளத்தில் ஆறில் ஐந்து பங்கு! இத்தொகையை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 450 ரூபாய் வட்டியாகவே போகும். பில் பணம் முழுவதும் வந்து சேர்ந்தாலும் இந்த வட்டியைத் தருவார் யாருமில்லை. வசதி படைத்தவர்க்கு இது வெறும் தாமதம். அன்றாடங்காய்ச்சிக்கோ அடகுக் கடைக்குப் போகும் வழி.

சம்பளம் குறையக் குறையச் சுமை மிகும் என்பதற்கு அங்கன்வாடி ஊழியரின் நிலை சான்றாகும். கர்நாடக அரசு 2017 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய மாத்ரு பூர்ணா திட்டத்தின்படி, கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் அங்கன்வாடியில் சூடான உணவு அளிக்கப் பெற்றது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் முட்டைக்கும் காய்கறிக்கும் முதலில் தம் பணத்தைப் போட்டுப் பின்னர் அரசின் தொகைக்குக் காத்திருக்க நேர்வதாக அங்கன்வாடி ஊழியர் பலமுறை முறையிட்டுள்ளனர். சந்தையில் முட்டை விலை அடிக்கடி ஏறி இறங்கும். அரசு குறித்த விலையோ அவ்வளவு எளிதில் மாறாது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மதிப்பூதியம் பெறும் ஒரு பெண்ணின் மீது விழுவது எவ்வாறு நியாயமாகும்?

முன்பணம் கேட்பது கௌரவக் குறைவு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. அரசாங்கமே தன் ஊழியர்க்கு முன்பணத்தை விதியாக்கி வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர் அலுவல் நிமித்தம் வெளியூர் செல்லுமுன் பயண முன்பணம் பெறலாம். திரும்பிய 15 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். முன்பு பயணப்படி கோர ஓராண்டு வரை அவகாசம் இருந்தது. 2018 மார்ச் 13-ஆம் நாள் வெளியான ஆணை அதனை 60 நாட்களாகச் சுருக்கிற்று. அடியேன் பணிபுரியும் ரயில்வேயில், கடமைப் பயணத்திற்குப் பாஸ் உண்டு. எனவே வண்டிச் சத்தம் கைப்பணத்தில் போவதில்லை. தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் சென்றால், 6 மணி நேரத்திற்குட்பட்டு நூற்றுக்கு 30 பங்கும், 12 மணி நேரம் வரை 70 பங்கும், அதற்கு மேல் முழுமையும் நாட்படி என்று வரையறை இருக்கிறது. செலவுக்கு முன்பே அளவு தெரிந்திருப்பதும், முன்பணம் கேட்க வழி இருப்பதும், கணக்குக் காட்டக் கெடு இருப்பதும் ஆகிய இம்மூன்றுமே நல்ல முறைக்கு அடையாளம். தனியார் கம்பெனியிலும் இவற்றைக் கேட்பதில் குற்றமொன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. வேலையின் தன்மையால் நேரும் தனிச் செலவுகளை ஈடு செய்யத் தரும் தொகையை 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் ‘ஊதியம்’ என்று கொள்ளவில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே அதனை ஊதியத்திற்குப் புறம்பாக வைத்துள்ளது. ஆகவே சம்பள பாக்கிக்கு முறையிடும் எளிய வழி செலவுப் பாக்கிக்குக் கிட்டுவது அரிது. எனினும் வழி அறவே அடைபடவில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் மற்றொருவர்க்கு முறையாக ஒன்றைச் செய்ய, அதன் பயனை அவர் நுகர்ந்தால், ஈடு தரக் கடமைப்பட்டவர் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு கூறுகிறது. பிறர் பொருட்டுச் செலுத்திய பணத்தைக் கோரி வழக்கிட, செலுத்திய நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வரையறுக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ, வேலைக்குத் தேவையான செலவுகள் அனைத்தையும் முதலாளியே ஈடு செய்தல் வேண்டும் எனத் தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவில் தெளிவாகவே விதித்துவிட்டது. நம் நாட்டில் அத்தகைய தெளிவு வரும்வரை, எழுத்துதான் நமக்குத் துணை.

‘எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது’ என்பது நம் முன்னோர் மொழி. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் கண்டவர் அறிவர்: கொடுத்தவர் பெயரையும் கொடுத்த பொருளையும் அக்காலத்தார் கல்லிலே பொறித்து வைத்தனர். நாமோ நாள்தோறும் கொடுப்பதைத் தாளில்கூட எழுதுவதில்லை.

ஆதலின் அன்பர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, செலவு செய்யுமுன் கேளுங்கள். “இப்பணிக்கு 2,000 ரூபாய் ஆகும் என மதிப்பிடுகிறேன், முன்பணம் தந்தால் உடனே புறப்படுகிறேன், வந்ததும் கணக்குக் காட்டுகிறேன்” என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். இதில் பணிவும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. முன்பணம் மறுக்கப்பட்டாலும், செலவு முதலாளிக்குத் தெரிந்தே நிகழ்ந்தது என்பதற்கு அவ்வெழுத்தே சாட்சி. இரண்டாவது, பில் வாங்கும்போது கம்பெனியின் பெயரும் அதன் ஜி.எஸ்.டி. எண்ணும் அதில் வரும்படி பார்த்துக் கொள்ளுங்கள்; தனிப் பெயரில் உள்ள பில் பல இடங்களில் திரும்பி வரும். மூன்றாவது, பெட்ரோல் பங்கில் தரும் ரசீதின் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடும்; அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நான்காவது, பில்லின் பிரதியொன்றில் பெற்றுக் கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். மாதக் கடைசி வரை சேர்த்து வைக்காமல் வாரந்தோறும் கொடுங்கள். பில்கள் நிற்பது பெரும்பாலும் தேதி முரண், கையொப்பமின்மை, கூட்டல் பிழை போன்ற சிறு காரணங்களால்தான் என்பது, பட்டியல்களைப் பார்க்கும் எழுத்தர் எவரும் அறிந்ததே.

வீட்டிலுள்ள தாய்மார்க்கும் ஒன்று சொல்லவேண்டும். கணவரோ மகனோ வேலைக்காகப் போட்ட பணத்தைக் குடும்பச் செலவோடு கலந்து எழுதாதீர்கள். ‘வரவேண்டியது’ என்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் நீண்டுகொண்டே போவதைக் கண்ணால் கண்டால்தான், ‘இனிக் கேட்டே ஆகவேண்டும்’ என்ற துணிவு பிறக்கும்.

இறுதியாக, நம் சமூகத்திலேயே கடை வைத்திருப்போரும், காண்டிராக்டு எடுப்போரும், நாலு பேருக்கு வேலை கொடுப்போரும் உளர். அவர்கள் ரயில் நிலையங்களில் பழகிப்போன இம்பிரஸ்ட் முறையைக் கைக்கொள்ளலாம். வேலையாள் கையில் 3,000 ரூபாயை நிலையாகக் கொடுத்து வையுங்கள். வாரக் கடைசியில் அவர் 2,400 ரூபாய்க்கு வவுச்சர் கொண்டு வந்தால், அதனைச் சரிபார்த்து 2,400 ரூபாய் கொடுத்துவிடுங்கள். கையிருப்பு மீண்டும் 3,000 ஆகிவிடும். கையிலுள்ள ரொக்கமும் வவுச்சரும் சேர்ந்து எப்போதும் 3,000 இருக்க வேண்டும். குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். ஆதலால் ஏமாற்றத்திற்கும் இடமில்லை, ஏக்கத்திற்கும் இடமில்லை. தொழிலை நடத்துவதற்கான முதல் முதலாளியிடமிருந்து வரவேண்டும். உழைப்பவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து அது வரலாகாது. பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் இந்நியாயத்தை நம்மிடம் வேலை செய்வோர்க்கு இம்மாதமே செய்து காட்டுவோமாக!