சரிவிலிருந்து இறங்கும் மாசு

களனி கங்கைக் கரையின் குளிர்பான ஆலையொன்றிலிருந்து 2015 ஆகஸ்டில் டீசல் கசிந்து ஆற்றில் கலந்து, கொழும்புப் பகுதியின் குடிநீர் விநியோகம் தடைப்பட்டபோது, மத்திய சுற்றாடல் அதிகார சபையால் அந்த ஆலையின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்த முடிந்தது. கழிவு வெளியேறும் வாய் தெரிந்த இத்தகைய மாசு, புள்ளி மூல மாசு எனப்படும்.

ஊவா மாகாணத்தின் ஆறுகளுக்கு நேர்வது வேறு. பதுளை மாவட்டத்துத் தேயிலைச் சரிவுகளிலும், வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களிலும் இடப்படும் உரமும் அடிக்கப்படும் களைகொல்லியும் மழைநீரோடு மலை முழுவதிலிருந்தும் இறங்குகின்றன. இது பரவல் மூல மாசு. தேயிலைத் தொழிலில் இரசாயனம் பெரிதும் சேருமிடம் கொழுந்து அரைக்கும் ஆலையன்று, மலையே. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திர முறையோ ஆலைக் கழிவை நோக்கியே அமைந்தது.

யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. மண்ணோடு ஒட்டாத அந்த உப்பு எளிதில் கரைந்து ஊற்றையும் ஓடையையும் அடைகிறது. பொசுபேற்றும் கிளைபோசேட் என்னும் களைகொல்லியும் மண்துகளைப் பற்றிக்கொள்பவையாதலால், மண் அரிக்கப்படும்போது உடன் செல்கின்றன. வெலிமடை வழியே பாயும் ஊமா ஓயாவின் வண்டல் ரந்தம்பை நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவருவது அறிந்ததே. அதை வெறும் மண்ணென்று கொள்வது பிழை.

தோட்ட லயங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடிநீர் மலையூற்றுப் பீலியில் வருகிறது. பீலிக்கு மேலே இருப்பது மருந்தடித்த மலை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்தும் திறனை இழக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இதைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லாமல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு மட்டும் கூறுவது போதாது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் குடிநீர் உள்ளிட்ட சேவைகளை அளிக்கத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.

கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியே நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. விளைச்சலையும் அந்நியச் செலாவணியையும் சுற்றி நடந்த அந்த வாதங்களில் பீலித் தண்ணீருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

ஓடைக்கரையில் மருந்து படாத புல்வரம்பை விடுவதும், கான்களை ஒழுங்காக வெட்டி மண்ணைத் தடுப்பதும் தோட்ட நிர்வாகங்களால் இன்றே செய்யக்கூடியவை. உரமிட்ட பின் வரும் முதல் மழையை அடுத்து ஒவ்வொரு பீலியின் நீரையும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி லயத்துச் சுவரில் ஒட்டும் பொறுப்பை மாகாணச் சுகாதார அதிகாரிகள் ஏற்க வேண்டும்.