படம் வரவில்லை, குரல் மட்டும் கேட்கிறது

கணினி தெரிந்தவர் என்று வீட்டில் ஒருவர் பெயரெடுத்துவிட்டால் போதும், சொந்தபந்தத்தின் காணொளிச் சிக்கல்கள் எல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். "அண்ணே, சத்தம் வருது, படம் கறுப்பா இருக்கு", "தம்பி, கல்யாண வீடியோ திறக்க மாட்டேங்குது" என்று புலனத்தில் செய்தி வரும். அதோடு பலர் இன்னொன்றும் கேட்பார்கள்: "ஃபைல் கெட்டுப்போச்சு போல, அழிச்சிடவா?"

அழிக்காதீர்கள். திறக்காத காணொளிகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. அவற்றைப் படிக்க உங்கள் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டின் வேறு, பலகாரம் வேறு

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை மைலோ டின்னில் போட்டு வைக்கிறோம். டின்னின் பெயரை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியுமா? காணொளியும் அப்படித்தான். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது டின்னின் பெயர். உள்ளே படமும் ஒலியும் தனித்தனி முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். படத்துக்கு எச்.264, எச்.265, எம்பெக்-2 போன்றவை. ஒலிக்கு ஏஏசி, எம்பி3, ஏசி-3 போன்றவை.

ஒரே எம்பி4 என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று ஓடும், மற்றொன்று ஓடாது. காரணம் இதுதான். பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் முயல்கிறார்கள். டின்னில் வேறு லேபிளை ஒட்டினால் உள்ளே இருக்கும் முறுக்கு அதிரசமாகிவிடாது.

அறிகுறியைக் கவனியுங்கள்

ஒலி வருகிறது, படம் கறுப்பு: படத்தின் கோடெக் உங்கள் கணினியில் இல்லை. இன்று இதற்குப் பெரும்பாலும் எச்.265தான் காரணம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்த இந்த முறையில் பதிவு செய்கின்றன. இதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு என்பதால் எல்லா விண்டோஸ் கணினியிலும் இது தயாராக இருப்பதில்லை. இனி எடுக்கப்போகும் காணொளிகளுக்கு, ஐபோன் அமைப்புகளில் கேமரா, அடுத்து ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய எச்.264 முறையிலேயே பதிவாகும்.

படம் வருகிறது, ஒலி இல்லை: ஒலியின் கோடெக் இல்லை. பழைய கைப்பேசிகளின் 3ஜிபி கோப்புகளிலும், ஏசி-3 ஒலி கொண்ட கோப்புகளிலும் இதைப் பார்க்கலாம்.

எதுவுமே திறக்கவில்லை: முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒரு மணி நேரப் பதிவு வெறும் சில கேபி என்றால், நகலெடுக்கும்போது பாதியில் நின்றிருக்கிறது. மூலத்திலிருந்து மறுபடி நகலெடுங்கள். அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லையா? பதிவின்போது பேட்டரி தீர்ந்திருக்கலாம். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடிந்த பிறகே எழுதும். அது இல்லாமல் எந்த மென்பொருளும் தடுமாறும். அதே கேமராவில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கைவசம் இருந்தால், பழுதுபார்க்கும் மென்பொருள்களால் மீட்க வாய்ப்பு உண்டு.

விக்கி விக்கி ஓடுகிறது: பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டாமல், கணினியில் நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் விக்கினால், 4கே படத்தை இழுக்கும் சக்தி பழைய கணினிக்கு இல்லை என்று பொருள்.

செய்ய வேண்டியது என்ன?

நான் முதலில் எடுப்பது வி.எல்.சி. மென்பொருளை. 1996இல் பிரான்ஸில் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்தது. இன்றும் இலவசம், விளம்பரமும் கிடையாது. பெரும்பாலான கோடெக்குகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. காணொளியை அதில் திறந்து கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால், உள்ளே என்ன கோடெக் என்று காட்டிவிடும்.

தொலைக்காட்சியிலோ மண்டபத்துத் திரையிலோ ஓட்ட வேண்டுமானால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளுங்கள். எம்பி4 டின், எச்.264 படம், ஏஏசி ஒலி: இந்தக் கூட்டணி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடும். பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. மாற்றும்போது தரம் சற்றுக் குறையும் என்பதால் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. 'இந்தக் காணொளியைப் பார்க்க இந்த கோடெக்கைப் பதிவிறக்குங்கள்' என்று திரையில் எது எழும்பினாலும் தொடாதீர்கள். நச்சு மென்பொருள் நுழைய அது பழைய வாசல். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைக்கும். அதனால் 'திருமணம்.எம்பி4.இஎக்ஸ்இ' என்ற கோப்பு, வெறும் 'திருமணம்.எம்பி4' என்று தெரியும். அது காணொளியே அல்ல, நிரல். பின்னொட்டுகளைக் காட்டும்படி அமைத்துவிடுங்கள்.

பழைய விசிடிகள்

கிள்ளானில் இருக்கும் தூரத்து உறவு அத்தை ஒருவர், 1999இல் நடந்த தம் திருமணத்தின் விசிடியைத் தேடி எடுத்தார். மகன் அதிலிருந்த கோப்பைக் கணினியில் நகலெடுத்தான். டேட் என்று முடிந்த பெயரைப் பார்த்து எம்பி4 என்று மாற்றினான். திறக்கவில்லை. கெட்டுவிட்டது என்று வட்டைக் குப்பையில் போடவிருந்த நேரத்தில்தான் என்னிடம் பேச்சு வந்தது.

விசிடியில் படம் எம்பெக்-1 முறையில், எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் டேட் கோப்பாக இருக்கும். பெயரைப் பழையபடி மாற்றி வி.எல்.சி.யில் திறந்தேன். ஓடியது. 352க்கு 288 புள்ளிகள்தான். பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் மணமக்கள் தலையில் அட்சதை தூவி வாழ்த்தும் அத்தையின் அப்பா, இப்போது இல்லாதவர், தெளிவாகவே பேசினார். அவர் குரல் பதிவான ஒரே இடம் அந்த வட்டுதான். அத்தை அந்தப் பகுதியை நான்கு முறை ஓட்டச் சொன்னார்.

டிவிடி வைத்திருப்பவர்கள், ஒரு விஓபி கோப்பை மட்டும் நகலெடுத்து விடாதீர்கள். படம் சுமார் 1 ஜிபி துண்டுகளாகப் பிரிந்திருக்கும். வீடியோ_டிஎஸ் கோப்புறையை முழுதாக எடுங்கள். உறவினருக்குப் புலனத்தில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். காணொளியாக அனுப்பினால் மேலும் சுருங்கிவிடும்.

இந்த வாரம் அலமாரியில் தேடுங்கள். வீட்டில் பதிவு செய்யப்பட்ட வட்டுகளின் சாயப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுச் செருகும் இடமே இல்லை; யூஎஸ்பி வழி இணைக்கும் டிவிடி கருவி ஒன்றைச் சொந்தத்துக்குள் பகிர்ந்து பயன்படுத்தலாம். கோடெக் சிக்கலுக்கு எப்போதும் வழி உண்டு. வட்டு படிக்க முடியாமல் போய்விட்டால், எந்த மென்பொருளாலும் அந்தக் குரலைத் திருப்பித் தர முடியாது.