மாவு பிசையும் டயர்

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இருப்பது 17 கிலோ எடையுள்ள பழைய மவுண்டன் சைக்கிள். ஒத்தக்கடை, மேலூர் ரோடு என்று தினமும் ஓட்டுகிறேன். பாகங்களை மாற்றி 14 கிலோவுக்குக் கொண்டுவந்தால் வேகம் கூடுமா? சக்கரத்தில் ஒரு கிராம் குறைந்தால் ஃபிரேமில் நாலு கிராம் குறைந்ததற்குச் சமம் என்கிறார்களே, நிஜமா?"

நாலு கிராம் என்பது விற்பவர்களின் கணக்கு. இயற்பியல் தருவது அதிகபட்சம் இரண்டுதான். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சியில் இருக்கும் புள்ளியோ சைக்கிளின் வேகத்தைப்போல இரு மடங்கில் பாய்கிறது. விளிம்பு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அங்கிருக்கும் எடைக்கு இரு மடங்கு இயக்க ஆற்றல் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரிம், டயர், டியூப் மூன்றுக்கும் இது பொருந்தும். நடுவில் இருக்கும் ஹப்புக்குப் பொருந்தாது. இந்த இரு மடங்குக் கணக்கும் வேகமெடுக்கும்போது மட்டுமே.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நிற்கிறது, பிரேக் பிடிக்கிறீர்கள், மறுபடி மிதிக்கிறீர்கள். ஓட்டுபவர் 65 கிலோ என்றால், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டரை எட்ட ஏறக்குறைய 740 ஜூல் ஆற்றல் செலவாகும். சக்கர விளிம்பில் ஒரு கிலோவையே குறைத்தாலும் மிச்சம் 17 ஜூல். நூற்றுக்கு இரண்டு சொச்சம். பெரிய பணம் கொடுத்து வாங்க வேண்டிய லாபம் இல்லை இது.

ஏற்றத்தில் எடைக்கு நேரடி மதிப்பு உண்டு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுபவருக்கு மூன்று கிலோ குறைந்தால், மூன்று மணி நேர ஏற்றத்தில் ஐந்தாறு நிமிடம் மிஞ்சும். ஆனால் மதுரைச் சமவெளியில் ஒரே சீராக ஓடும் சைக்கிளை எடை தொடுவதற்கு இருப்பது ஒரே வழி. அது டயர்.

ஒவ்வொரு டயரும் சுமார் 41 கிலோவைத் தாங்குகிறது. காற்று 40 பவுண்டு இருந்தால் தரையோடு ஒட்டும் பரப்பு ஏறக்குறைய 15 சதுர சென்டிமீட்டர். சக்கரம் சுழலச் சுழல, ரப்பர் அந்தப் பரப்புக்குள் வந்து நசுங்கி, வெளியே போய் நிமிர்கிறது. நசுக்க நாம் கொடுத்த ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு தாமதமாகத்தான் பழைய நிலைக்கு வருகின்றன. உரசலில் இழந்த ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் போகிறது. இந்தத் தாமதம்தான் எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம். ரப்பர் சற்றுச் சோம்பி நிமிர்வதால், தொடு பரப்பின் முன்பாதி பின்பாதியைவிடக் கூடுதலாகத் தரையை அழுத்துகிறது. அந்த ஏற்றத்தாழ்வு சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசையாகிறது.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் மைதா பிசைவதைப் பாருங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் மாவு மெல்ல எழும்பும், ஆனால் முழுதாக எழும்பாது. மாஸ்டருக்குத் தோள் வலிக்கும். சைக்கிள் மிதிப்பவர் காலால் பிசையும் மாஸ்டர். மவுண்டன் சைக்கிளின் பட்டன் டயரில் புடைத்திருக்கும் ஒவ்வொரு பட்டனும் வரிசையில் வைத்த ஓர் உருண்டை. மேலூர் ரோட்டில் 20 கிலோமீட்டர் போனால் ஒவ்வோர் உருண்டையும் பத்தாயிரம் முறைக்குச் சற்றுக் குறைவாக அமுக்கப்படும். காற்றுக் குறைந்த டயர், தண்ணீர் கூடிப்போய்க் கையோடு வரும் மாவு. மெல்லிய சுவருள்ள டயர், வீசி விரித்த பரோட்டா. மடக்க வலுவே வேண்டாம். சைக்கிளின் எடையைக் குறைப்பது அதே மாவைக் கொஞ்சம் லேசாக அழுத்துவது. டயரை மாற்றுவது மாவையே மாற்றுவது.

எண்ணில் சொல்கிறேன். காற்றுக் குறைந்த பட்டன் டயருக்கு உருளல் எதிர்ப்புக் குணகம் 0.015 என்றும், நன்றாகக் காற்றடித்த வழவழப்பான டயருக்கு அதில் பாதி என்றும் வைத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் வேகத்தில் பட்டன் டயர் மட்டும் 50 வாட் தின்னும். மூன்று கிலோ எடையைக் குறைத்தால் மிச்சம் இரண்டு வாட்டுக்கும் கீழே. டயரை மாற்றினால் 25 வாட்.

வரலாறு சுருக்கமாக. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கி ஓட்டினார்கள்; ஜோ பிரீஸ் 1977இல் அதற்கென்றே ஃபிரேம் கட்டினார். பட்டன் டயர் அந்த மண்சரிவுக்குப் பிறந்தது. நம் ஊரில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலேயே தொடங்கிவிட்டாலும், இங்கே வெகுகாலம் சைக்கிள் என்றால் மூட்டை சுமக்கும் இரும்பு வண்டிதான். எடைப் பித்து ரோடு பந்தயத்திலிருந்து வந்தது. அங்கேயே 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேசச் சைக்கிள் கூட்டமைப்பு 2000 முதல் தடுத்து வைத்திருக்கிறது.

எனவே தம்பி, முதலில் நடுப்பகுதி வழவழப்பான டயர் இரண்டு வாங்குங்கள். அதன் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றடியுங்கள். கண்மாய்க் கரையில் ஓட்டுபவர் என்றால் மிக லேசான டயர் வேண்டாம், சீமைக்கருவேல முள் விடாது. முள் தடுப்புப் பட்டை வைத்த டயர் கொஞ்சம் கனத்தாலும் பரவாயில்லை. கேரியரும் கனத்த ஸ்டாண்டும் தேவையில்லையென்றால் கழற்றுங்கள், காசே ஆகாது. இரும்பு ரிம் என்றால் அலுமினிய ரிம் போடலாம். எடையைவிட முக்கியம், மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். டைட்டானியம் போல்ட்டுகளை மறந்துவிடுங்கள்.

ஒரே பாகத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைய வேண்டுமென்றால் அது முன்பக்க ஷாக். விலை குறைந்த ஸ்பிரிங் ஷாக்குகள் இரண்டு கிலோவைத் தாண்டும், தார் ரோட்டில் மிதிக்கும் வலுவில் கொஞ்சத்தையும் விழுங்கும். அதற்குப் பதில் சாதா ஃபோர்க் போடுவதானால் ஷாக்கின் உயரத்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். குட்டையானதைப் போட்டால் சைக்கிளின் முன்புறம் தாழ்ந்து, ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, ஹேண்டில் ஒரு நிலையில் நிற்காது.