உத்தரவில் கையெழுத்திடுவது யார்?

இந்தியாவில் ஒருவருடைய தொலைபேசிப் பேச்சையோ மின்னஞ்சலையோ அரசு ரகசியமாக இடைமறிப்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. மத்திய அரசின் உள்துறைச் செயலாளரோ மாநில அரசின் உள்துறைச் செயலாளரோ உத்தரவில் கையெழுத்திட்டால் போதும். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இந்த அதிகாரத்தை நிர்வாகத்தின் கையில் கொடுத்தது. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதை அங்கேயே விட்டுவைத்திருக்கிறது.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் தொலைபேசியில் பேசுவது அவரது அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டபோதிலும், நீதிபதியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்காமல், உத்தரவுகளைப் பின்னர் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவொன்றை அமைக்கச் சொன்னதோடு நின்றுகொண்டது. அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் ஆகியோரைக் கொண்ட மத்திய அரசின் குழுவில் அரசுக்கு வெளியிலிருந்து ஒருவரும் இல்லை.

இணையத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தளர்வானது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்குப் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கான தேவையோ இருந்தாக வேண்டும் என்று சட்டம் கோருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவிலோ அந்த நிபந்தனை இல்லை, ஏதேனும் ஒரு குற்றத்தைப் புலனாய்வதுகூடப் போதிய காரணமாகிவிடுகிறது. மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது உரியவர் தவிரப் பிறர் படிக்க முடியாதபடி உருமாற்றப்பட்ட தகவலைத் திறந்துகாட்ட உதவ மறுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது. இதன்படி இடைமறிக்கும் அதிகாரம் பெற்ற 10 அமைப்புகளை உள்துறை அமைச்சகம் 2018 டிசம்பர் 20 அன்று அறிவித்தது. அவற்றில் உளவுத்துறையும் சிபிஐயும் மட்டுமல்லாமல் வருமான வரித்துறையை நிர்வகிக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியமும் உண்டு.

மறுஆய்வு உண்மையில் எப்படி நடக்கக்கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வரை பரிசீலிக்க வேண்டியிருப்பதைத் தனது 2018ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. உயர் பொறுப்பில் உள்ள மூன்று செயலாளர்கள் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்து எட்டு மணி நேரம் ஓயாமல் அமர்ந்தாலும், ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. அந்த நேரத்தில் கோப்பில் உள்ள பெயரைப் படிக்கலாம். காரணம் நியாயமானதா என்று தீர்மானிக்க முடியாது.

அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாக அறிவித்தார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் அடிப்படையும் நியாயமான நோக்கமும் வேண்டும், தலையீடு அந்நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டவும் கூடாது. இந்த அளவுகோல் வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பு சான்று: லஞ்சப் புகார் ஒன்றைத் துப்புத் துலக்குவதற்காக 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, குற்றத்தைக் கண்டுபிடிப்பது என்பது மட்டுமே பொது அவசரநிலை ஆகிவிடாது என்று கூறி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். ஆனால் அந்தப் பதிவுகள் குற்ற வழக்கில் ஆதாரமாக வந்ததால்தான் பாதிக்கப்பட்டவரால் நீதிமன்றத்தை நாட முடிந்தது. வழக்கே தொடரப்படாமல் கண்காணிக்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்கும் கடமை சட்டத்தில் இல்லாததால், எந்தக் குற்றமும் செய்யாதவரே பரிகாரம் தேட வழியின்றி நிற்கிறார்.

பயங்கரவாதத்தையும் ஆள்கடத்தலையும் தடுக்கச் சில வேளைகளில் இடைமறிப்பு தேவைப்படும் என்பதை மறுக்க முடியாது. பிரிட்டனும் அதே ஆபத்துகளை எதிர்கொள்ளும் நாடுதான்; ஆயினும் 2016ஆம் ஆண்டின் சட்டத்தில், அமைச்சர் கையெழுத்திடும் இடைமறிப்பு ஆணைக்கு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும் என்று அது விதித்திருக்கிறது. இந்திய நாடாளுமன்றமோ 2023இல் தொலைத்தொடர்புச் சட்டத்தையும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியபோது அத்தகைய ஒப்புதலைக் கட்டாயமாக்கும் வாய்ப்பைத் தவறவிட்டதுடன், அரசு அமைப்புகளுக்குப் பின்னதிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தையும் அரசிடமே ஒப்படைத்தது. இடைமறிப்புக்கு நீதிபதியின் முன் அனுமதியையும், கண்காணிப்பு முடிந்தபின் உரியவருக்கு அறிவிப்பையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை ஒவ்வொரு வாக்காளரும் தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.