பெரிய சமையலாளரும் எளிய போசனசாலையும்

பெயர் பெற்ற சமையலாளர் ஒருவர் எளிய போசனசாலையொன்றைத் திறப்பாராயின், அங்கே உண்ணச் செல்வோர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. பெயர்ப்பலகையில் இருப்பவர் அவர். அடுப்படியில் நிற்பவர் வேறொருவர். அங்ஙனமாயின் உண்பவர் பணம் கொடுத்துப் பெறுவது யாருடைய சமையல்? இவ்வினாவுக்கு விடை தேடப் பிரான்சு நாட்டின் லியோன் நகரம் ஏற்ற இடமாகும். போல் பொக்கூஸ் என்னும் சமையலாளர் 1994ஆம் ஆண்டு தொடக்கம் அந்நகரில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு எளிய போசனசாலைகளைத் திறந்தார்.

1926ஆம் ஆண்டிற் பிறந்த பொக்கூஸ், லியோனுக்கு வடக்கே சோன் நதிக்கரையிலுள்ள கொலோன்ஜ் என்னும் ஊரினர். இரண்டாம் உலகப் போரிற் போர்வீரராய்ச் சென்று காயமுற்று மீண்ட அவர், யூஜெனி பிராசியே என்னும் அம்மையாரிடம் வேலைக்கு அமர்ந்தார். செல்வர் வீடுகளிற் சமையல் செய்து, பின்னர்ச் சொந்தமாக உணவுச்சாலை நடத்திய பெண்களை லியோன் மக்கள் 'அன்னையர்' என்றே அழைப்பர். அவ்வன்னையருள் முதன்மையானவர் இவர். 1933இல் அவருடைய இரு உணவுச்சாலைகளுக்கும் மிஷெலின் வழிகாட்டி நூல் மும்மூன்று நட்சத்திரங்களை வழங்கியிருந்தது. அத்துணைப் புகழ் வாய்ந்தவரின் குசினியில் இளைஞர் பொக்கூஸ் சமையலோடு மாடு கறக்கவும், தோட்டம் பார்க்கவும், துணி தேய்க்கவும் வேண்டியிருந்தது. குசினி என இலங்கைத் தமிழர் வழங்கும் சொல்லும், சமையலுக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'குயிசீன்' என்னும் சொல்லும் இலத்தீனில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இலங்கைக்கு அது போர்த்துக்கேயர் வழியாக வந்து சேர்ந்தது.

பின்னர்ப் பொக்கூஸ் கொலோன்ஜில் இருந்த குடும்ப உணவுச்சாலையைப் பொறுப்பேற்றார். 1965இல் அதற்கு மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. 1975இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் அவருக்கு விருதளித்தபோது, அவ்விருந்துக்கென அவர் ஆக்கிய கரும் திரஃபிள் சூப்பு உலகப் புகழ் பெற்றது. திரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் மணமிக்க ஒருவகைப் பூஞ்சணம். விலையோ சாதாரண மக்களால் எட்ட இயலாதது. கொலோன்ஜில் உண்பது, அந்நகரத்தார் பலருக்கும் வாழ்நாளில் ஒருமுறை நிகழ்ந்தாலே பெரிது.

இந்நிலையிலேதான் 1994இல் நகரின் நடுவே 'வடக்கு' என்னும் பெயருடன் முதலாவது எளிய போசனசாலை தோன்றியது. தொடர்ந்து 'தெற்கு', 'கிழக்கு', 'மேற்கு' என்பன வந்தன. இவை 'பிராசெரி' என்னும் வகையைச் சேர்ந்தவை. அச்சொல்லுக்கு முதலில் பியர் வடிக்குமிடம் என்றே பொருள். பியரோடு சிறிது உணவும் கொடுத்த இடங்கள் நாளடைவிற் போசனசாலைகளாக மாறின. அங்கே பல மணிநேரம் அமர்ந்து பத்து வகை உண்ண வேண்டுமென்ற நியதி இல்லை. ஒரு வகை உண்டு எழுந்து போகலாம். குழந்தைகளையும் அழைத்து வரலாம். 'கிழக்கு' அமைந்த இடம் 1983இற் புகைவண்டிப் போக்குவரத்து நின்றுபோன பிரொத்தோ என்னும் பழைய நிலையமாகும். அங்கே உண்போரின் தலைக்கு மேலே சிறு பொம்மைப் புகைவண்டிகள் ஓடும். இத்தகைய விளையாட்டுக்குக் கொலோன்ஜில் இடம் கிடைத்திராது.

ஆயினும் உண்மையான வேறுபாடு பொம்மை வண்டியில் இல்லை. உணவுப் பட்டியலில் இருக்கிறது. கொலோன்ஜிற் பரிமாறப்பட்ட ஒரு கோழியுணவைப் பார்ப்போம். பன்றியின் நீர்ப்பைக்குள் முழுக்கோழியை வைத்துக் கட்டி வேகவைப்பர். அது பந்துபோல் ஊதி நிற்கும். அதனை உண்பவர் முன்னிலையில் வெட்டித் திறந்து, கோழியைக் கூறிட்டு வழங்குவர். ஒரு மேசைக்கு ஒரு கோழி. அதற்குக் கை தேர்ந்த ஒருவர். இத்தகைய வேலையை மதிய நேரத்திற் கூட்டம் கூட்டமாக வருவோருக்குச் செய்தல் இயலாது. முயன்றால் விலை ஏறும், அல்லது தரம் இறங்கும்.

லியோன் நகருக்கே உரிய மீன் உருண்டை அத்தகையதன்று. அதனைக் 'கெனெல்' என்பர். நன்னீரில் வாழும் பைக் என்னும் மீனில் நுண்ணிய முட்கள் மிகுதி. அதனை அப்படியே உண்பது தொல்லை. ஆகவே அதன் தசையை இடித்து, அரிதட்டிலிட்டுத் தேய்த்து முட்களை நீக்கி, கோதுமை மா, முட்டை, வெண்ணெய் ஆகியன சேர்த்துப் பிசைவர். நீள உருண்டைகளாக்கி வெந்நீரில் மெல்ல வேகவைப்பர். இவ்வளவும் காலையிலேயே முடிந்துவிடும். உண்பவர் வந்து கேட்டபின், ஆற்றுச் சிங்கி இறாலின் சுவையேறிய குழம்பை ஊற்றிப் போறணையில் வைத்தால் உருண்டை பொங்கி எழும். உழைப்பு முழுவதும் முன்னரே செலவாகிவிட்டமையால், இறுதிக் கட்டத்தை இளம் சமையலாளர் ஒருவர் பிழையின்றிச் செய்துவிடலாம். பாணும் பாற்கட்டியும் மேலிட்டுச் சூடாக்கப்படும் வெங்காயச் சூப்பும் அத்தகையதே. ஆசான் அருகில் இல்லாவிடினும் கெடாத உணவு எது என்று தெரிந்து எடுப்பதே இங்கு ஆசானின் முதல் வேலை. அது சிறு வேலையன்று.

பொக்கூஸ் குசினியை விட்டு ஊர் சுற்றுகிறார் என்ற குறை அவர்மீது நெடுங்காலம் சொல்லப்பட்டது. யப்பானுக்குப் பலமுறை சென்றார். 1982இல் வேறு இரு பிரெஞ்சுக் கலைஞருடன் சேர்ந்து, அமெரிக்காவின் டிஸ்னி உல்லாசப் பூங்காவிலும் போசனசாலை அமைத்தார். 'நீங்கள் இல்லாத வேளையிற் சமைப்பவர் யார்?' என வினவியோருக்கு, 'நான் உள்ள வேளையிற் சமைப்பவரே' என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். இது வெறும் நகைச்சுவை அன்று. கொலோன்ஜிலேயே பல்லாண்டுகள் அடுப்படிக்குத் தலைமை தாங்கியவர் ரொஜே ஷலூ என்பவர். அவர் 1976இற் பிரான்சின் மிகச்சிறந்த கைவினைஞர் என்னும் பட்டத்தைத் தேர்வில் வென்றவர். விலையுயர்ந்த மேசையிலும் வந்தது ஆசானின் கைச்சமையல் அன்று, அவர் பழக்கிய கைகளின் சமையலே. அவ்வாறிருக்க, எளிய போசனசாலையில் மட்டும் ஆசானை அடுப்படியில் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எனினும் உண்பவர் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. மீனை இடிப்பது அங்கேயா, அல்லது ஆலையிற் செய்து உறையவைத்த உருண்டை வந்து இறங்குகிறதா? இளைஞர்களைப் பழக்குவதற்கு அனுபவம் மிக்கவர் ஒருவர் நாள்தோறும் நிற்கிறாரா? கோழியும் காய்கறியும் எங்கிருந்து வாங்கப்படுகின்றன? பெயரை மட்டும் வாடகைக்கு விட்டு, இவற்றையெல்லாம் கவனியாது விடும் பிரபல சமையலாளரும் உலகில் உளர். அவர்தம் போசனசாலைகளில் உருவப்படம் சுவரில் பெரிதாய்த் தொங்கும். சூப்பு ஆறியே வரும்.

பொக்கூஸ் 2018 ஜனவரியிற் காலமானார். எளிய போசனசாலைகள் அவருக்குப் பின்னும் நடைபெற்றன. கொலோன்ஜின் மூன்றாவது நட்சத்திரத்தை மிஷெலின் நூல் 2020 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. 55 ஆண்டுகள் நிலைத்திருந்த அந்நட்சத்திரம் போனதைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் துக்கச் செய்திபோல வெளியிட்டன. 'வடக்கு' முதலியவற்றுக்கோ இழப்பதற்கு மூன்றாவது நட்சத்திரம் இருந்ததில்லை. அங்கே மதியம் பசியோடு வந்தமர்ந்தவருக்கு வேண்டியிருந்தது, மீன் உருண்டை நன்கு பொங்கிச் சூடாக மேசைக்கு வருதல் ஒன்றே.